தங்கச்சிக்கு மட்டும் முட்டை

தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயக் காம்பராவில், ஒரே ஒரு கோழி இருந்தது. அது இடுகிற முட்டை என் தங்கச்சிக்கு. அவளுக்குப் படிப்பு வரவில்லை, அதனால் முட்டை. எனக்குப் படிப்பு வந்தது, அதனால் வெறும் ரொட்டியும் சம்பலும். இப்படி ஒரு அநியாயம் எங்காவது உண்டா? இத்தனை வருசம் கழித்து எழுதும்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, பஸ் ஏறாத ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள்தான். எல்லோருக்கும் சேர்த்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரே மாஸ்டர். நான் ஐந்தில் இருந்தேன். என்னைவிட ஒரு வயது இளைய தங்கச்சி மூன்றாம் வகுப்பிலேயே இரண்டாவது வருசமாக உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஒப்பிப்பாள், கதை சொல்வாள், கையெழுத்துகூட என்னுடையதைவிட அழகு. கணக்கு மட்டும் வராது. ஒரு கழித்தல் கணக்கைக் கொடுத்தால் சிலேட்டைப் பார்த்து முழித்துக்கொண்டே இருப்பாள்.

அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார். "இந்த வருசமும் பெயிலாப் போனா பேர் பதிஞ்சிர வேண்டியதுதான். புல்லு வெட்டவாவது போகட்டும்."

பேர் பதிவது என்றால் தோட்டத்து வேலைக்குச் சேர்ப்பது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அன்றைக்கு அம்மா அழுதாள். மறுநாளிலிருந்து தங்கச்சிக்கு ராஜ உபசாரம் தொடங்கிவிட்டது. ஓடைக்கரையில் தேடித் தேடி வல்லாரை பறித்து வந்து சுண்டிக் கொடுத்தாள். மாரியம்மன் கோவில் பூசாரியிடம் கயிறு மந்திரித்து வாங்கிக் கையில் கட்டினாள். விறகு பொறுக்கும் வேலையிலிருந்தும் அவளுக்கு விடுதலை. அவள் அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்ல, நான் மழையில் நனைந்து, காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் ஒழுக, விறகுக்கட்டோடு வந்து நிற்பேன். அப்போது அவள் வாயில் முட்டை வாசம் அடிக்கும்.

"எனக்கும் ஒரு பாதி குடும்மா" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குடி? ஒனக்குத்தான் எல்லாம் மண்டையில இருக்கே" என்றாள் அம்மா.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில்தான். சாயங்காலம் சிலேட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "அக்கா, இன்னொரு தடவ சொல்லுக்கா" என்பாள். தலையில் குட்டிக்குட்டிச் சொல்லிக்கொடுப்பேன். சொன்னால் பிடித்துக்கொள்வாள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பிடித்துக்கொள்கிறவளுக்கு எதற்கு வல்லாரை? ஆனால் மறுநாள் மாஸ்டர் புதிதாக ஒரு கணக்கு நடத்தியிருப்பார், அவள் பழையபடி முழிப்பாள்.

காரணம் எங்கள் கண்முன்னாலேயே இருந்தது. இருட்டோடு தப்பு அடித்து, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் ஓடியாக வேண்டும். பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார். கைக்குழந்தையாக ஒரு தம்பி இருந்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா கீழே, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில். ஆயா அதை நன்றாக விடிந்த பிறகுதான் திறப்பாள். ஆகவே தம்பியைக் கொண்டுபோய் விடுவது பிள்ளைகளில் ஒருத்தியின் வேலை. யார் என்பதில் எங்கள் வீட்டில் குழப்பமே வரவில்லை. பெரியவளுக்குப் படிப்பு வருகிறது, அவள் நேரத்துக்குப் போகட்டும். சின்னவளுக்குத்தான் வரவில்லையே, அவள் தூக்கிக்கொண்டு போகட்டும். தம்பி அவள் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அவன் தூங்கும்வரை தட்டிக்கொடுத்துவிட்டு அவள் மலையேறி வருவதற்குள் முதல் பாடம் முடிந்திருக்கும். முதல் பாடம் எப்போதும் கணக்குத்தான். காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்பது மாஸ்டரின் கட்சி.

இத்தனையும் எனக்குத் தெரியும். அவள் பிந்துவதையும் அவளுக்குக் கணக்கு வராததையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரிந்தது?

ஒருநாள் காலையில் அவளுக்காக அவித்து வைத்திருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெரட்டுக்குக் கிளம்பிய அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அகப்பையால் சாத்தினாள். முதுகு எரிய எரியப் பள்ளிக்கூடம் போனேன். கணக்குப் பாடம் முடியும் நேரத்தில் தங்கச்சி வழக்கம்போலப் பின்வாசலில் குனிந்து வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"மாஸ்டர், இவ தெனமும் லேட்டாத்தான் வர்றா. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறப்ப வந்து ஒக்காந்துக்குறா!"

அவளுக்கு அடி விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். வேறு நல்லெண்ணம் ஒன்றும் கிடையாது.

மாஸ்டர் பிரம்பை எடுத்தார். "ஏன் பிள்ளை பிந்தி வாறாய்?"

"தம்பிய விட்டுட்டு வர்றேன் மாஸ்டர். தூங்காம எறங்க மாட்டேங்குறான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஆமா மாஸ்டர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் நேரத்துக்கு வந்துருவேன் மாஸ்டர்" என்றேன் பெருமையாக.

அவர் பிரம்பை மேசையில் வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மாஸ்டர் எங்கள் லயத்துக்கே வந்தார். அம்மா பதறிப்போய்ச் சாக்கை விரித்தாள். அவர் உட்காரவில்லை. "உவளுக்கு மண்டை நல்லாத்தான் இருக்கு. கணக்குப் படிப்பிக்கிற நேரம் உவள் அங்க இல்லை, பிறகு எப்பிடிக் கணக்கு வரும்? ரெண்டு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போகட்டும்" என்றார்.

"அப்ப முட்டை குடுக்குறத நிப்பாட்டிரவாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"முட்டையை நிப்பாட்ட வேண்டாம்" என்று சிரித்துவிட்டுப் போனார். பாவி மனுசன்!

அவர் போனதும் அப்பா கணக்கை மாற்றிப் போட்டார். "மாறி மாறி என்னாத்துக்கு? பெரியவதான் கெட்டிக்காரியாச்சே. சோதனை வரைக்கும் அவளே தூக்கட்டும்."

தூக்கினேன். தம்பி என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு தங்கச்சியைக் கேட்டுக் கத்துவான். அவளோ மேல்ரோட்டில் சிலேட்டை ஆட்டிக்கொண்டு ஓடுவாள். முட்டை அவளுக்கு, கயிறு அவளுக்கு, இப்போது காலைப் பாடமும் அவளுக்கு. நான் மூச்சிரைக்க, அவளைப் போலவே பின்வாசலில் குனிந்து வந்து சேரும்போது ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு கோடு. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. சாயங்காலம் தங்கச்சி கழித்தலையும் பெருக்கலையும் மளமளவென்று போட்டு, "அக்கா, சரியா பாருக்கா" என்று நீட்டுவாள். எல்லாம் சரியாக இருக்கும். அவளை அப்படியே அடுப்பில் தள்ளலாம் போல இருக்கும். எனக்கென்று யாரும் வல்லாரை பறிக்கவில்லை. நான் எப்படியும் படித்துக்கொள்வேன் என்று மாஸ்டர் உட்பட எல்லோரும் நம்பினார்கள்.

சோதனை வந்தது. தங்கச்சி பாஸ். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அவள் பேர் பதியவில்லை.

ஐந்து முடித்ததும் என்னைத் தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தானே பேசுவதாக மாஸ்டர் முன்பு சொல்லியிருந்தார். என் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"உனக்கு என்ன பிள்ளை நடந்தது?"

"தம்பிய விட்டுட்டு வர்றேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தலவாக்கலைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அந்த மாதமே என் பேரைத் தோட்டத்தில் பதிந்தார்கள்.

தங்கச்சி தலவாக்கலைக்குப் போனாள், படித்தாள், அதே தகரக் கூரைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தாள். அறுபதுகளின் நடுவில் என் மூத்த மகளை அவளிடம்தான் சேர்த்தேன். என் மகளுக்கும் ஒரு கைக்குழந்தைத் தம்பி இருந்தான். நானும் இருட்டோடு பெரட்டுக்கு ஓடினேன். முதல் நாள் மகள் தம்பியை விட்டுவிட்டுப் பிந்தித்தான் போனாள். கணக்குப் பாடம் போயிருக்குமே என்று மலையில் எனக்குக் கொழுந்து பறிக்கக் கை ஓடவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். "கணக்குப் போயிருச்சாடி?"

"இல்லம்மா. சித்தி காலையில பாட்டுத்தான் சொல்லிக்குடுக்குறாங்க. தம்பி தங்கச்சிய விட்டுட்டு வர்ற புள்ளைங்க எல்லாம் வந்து ஒக்காந்த பொறகுதான் கணக்கு."

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது பொறாமை. அந்தச் சின்னப் பெண்ணின் மேல், நான் பெற்ற மகளின் மேல். அவளுக்குக் கிடைத்த டீச்சர் எனக்குக் கிடைக்கவில்லையே.