அக்காவின் பிக்கப்பும் மாமாவின் வேட்டியும்

எங்கள் அக்கா நெடுங்கேணியில், அம்மா அப்பாவின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தவரும், திரும்பி வந்து காடு பற்றிக் கிடந்த வீட்டு வளவை முதலில் வெட்டத் தொடங்கியவரும் அவரே. அத்தான் காலமானபின், அவர் விட்டுப்போன பிக்கப்பை அக்கா விற்றுவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தோம். அக்காவோ ஓட்டப் பழகினார். நெல்லும் மரக்கறியும் வவுனியாவுக்கு ஏற்றினார். அந்த உழைப்பில்தான் பிள்ளைகள் இருவரும் படித்து ஆளானார்கள்.

மாரியில் வயல் பாதையில் புதையாமல் இருக்க, சில்லுகளுக்கு அகலமான ரயர் போட்டார். அவை சேறு தடுக்கும் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு, போகிற வழியெல்லாம் சேற்றை வாரி இறைத்தன. ஊரில் ஏச்சு வாங்காத நாளில்லை. அம்மாவின் தமையனான பெரிய மாமாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு அக்கா போய் இறங்க, வாசலில் நின்ற மாமாவின் பட்டு வேட்டி இடுப்பு வரை சேறாகிவிட்டது.

"உன்ர வாகனம் இனி நல்லது கெட்டது ஒண்டுக்கும் என்ர கண்ணில படக்கூடாது," என்றார் மாமா, அத்தனை சபைக்கும் முன்னால்.

அப்பாவுக்குப் பின் எங்களுக்குப் பெரியவர் அவர்தான். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் மூலையில் இருந்து அழுகிற பிறவியா அவர்? வவுனியாவுக்குப் போய், மட்காட்டுக்கு மேல் பூட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் வளைவுகளும், சில்லுக்குப் பின்னால் தொங்கவிடும் றப்பர் தட்டுகளும் வாங்கிவந்தார். ட்றில்லை இரவல் வாங்கித் தானே துளை போட்டு, இரும்பு துருவேறிக் கறல் பிடிக்காமல் துளை ஓரத்துக்குப் பெயின்ற் பூசிப் பூட்டினார். வடிவாகத்தான் இருந்தது.

நெல் மூட்டைகளோடு ஓமந்தையைத் தாண்டவில்லை, றப்பர் கருகிய மணம் வந்துவிட்டது. வெறும் வண்டியில் அளந்ததுதான் பிழை. பாரம் ஏறியதும் பின்பெட்டி தாழ்ந்து, ரயர் வளைவில் உரசியிருக்கிறது. கதை மாமாவின் காதுக்கும் போனது. சிரித்தாராம்.

அக்கா எல்லாவற்றையும் கழற்றினார். பாரத்தோடு அளக்கவேண்டும், நெல்லோ விற்றாயிற்று. அப்போதுதான் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அன்று பின்பெட்டியில் நெல் மூட்டைக்குப் பதிலாக இருந்தவர்கள்தான். மாமாவுக்குத் தெரியாமல் மாமியும் வந்து ஏறினார். சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வண்டிக்குக் கீழே படுத்துக் கிடந்து குறி போட்டார் அக்கா.

"ஒருத்தரும் அசையாதேங்கோ. மூச்சு மட்டும் விடுங்கோ," என்று கீழேயிருந்து குரல் வந்தது. நாங்கள் சிரித்துக் குலுங்க, வண்டியும் குலுங்கியது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பூட்டி முடித்ததும், வெள்ளை வேட்டியோடு என்னைச் சேற்றுக் குழியோரம் நிறுத்தினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பாரம் ஏற்றிய பிக்கப் குழியில் விழுந்து ஏறிப் போனது. வேட்டி கட்டியபடியே பளிச்சென்று இருந்தது. பார்த்து நின்ற சனம் கைதட்டியது. அக்கா ஹோர்ன் அடித்துக்கொண்டே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், எங்கள் ராசாத்தி! அதன்பின் ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அக்காவின் பிக்கப்தான் போனது. மாமா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த ஒரு குறை அக்காவுக்குக் கடைசிவரை இருந்தது.

நோயில் படுத்தபோது, தன் இறுதிப் பயணமும் அந்தப் பிக்கப்பில்தான் என்று சொல்லிவைத்தார். அன்று விடாத மழை. அக்காவின் மகன் ஓட்டினார். மாமா வெள்ளை வேட்டியோடு வந்தார். சனத்தோடு பின்னால் வரவில்லை. பின்சில்லுக்கு அருகிலேயே, பிக்கப்பின் பின்பெட்டியில் கை வைத்தபடி சுடலை வரை நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த அயலவர்களுக்கும், அன்று பிக்கப்பில் பாரமாக இருந்து தந்த உறவுகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரிலும் மேலாக மாமாவுக்கு நன்றி. சுடலை வாசலில் அவர் குனிந்து தன் வேட்டியை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு பொட்டுச் சேறில்லையடா. உன்ர அக்கா வெண்டிட்டாள்."

— தம்பி