அண்ணன் அனுப்பிய படம்

வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா பொய்யா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பீரியடை, ஒன்பதாம் வகுப்புக்கு நானாகத்தான் கேட்டு எடுத்தேன்.

மழை வலுத்திருந்த ஒரு திங்கட்கிழமை, 'அணை உடைந்தது, நாகர்கோவில் முங்கப்போகிறது' என்று வந்த, வெள்ளத்தில் ஒரு பஸ் பாதி முங்கி நிற்கும் படத்தைத் திரையில் காட்டினேன். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. முந்தின நாள் துபாயிலிருந்து அண்ணன் எங்கள் குடும்ப குரூப்பில் போட்டது. அதைப் பார்த்துப் பயந்து, பூதப்பாண்டியில் தனியாக இருக்கும் சித்தி அரிசியை மாடிக்கு ஏற்றப்போய் படியில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அந்த பஸ்ஸுல தமிழே இல்லியே" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி. பெரிதாக்கிப் பார்த்தோம். இந்தி எழுத்து. தேடினால், பல வருஷத்துக்கு முந்தின வடநாட்டு வெள்ளம். வகுப்பே கைதட்டியது.

அவள் மட்டும் கைதட்டவில்லை. "இத வீட்டுல சொன்னா ஏசுவாவளே டீச்சர். அப்ப என்ன செய்ய?"

"மரியாதையா சொல்லணும்" என்றேன்.

சாயங்காலம் மூன்று முறை அழித்து அழித்து குரூப்பில் எழுதினேன். 'அண்ணா, இது பழைய படம். அணைக்கு ஒன்றுமில்லை. யாரும் பயப்பட வேண்டாம்.'

உடனே கூப்பிட்டார். "எல்லாருக்க முன்னாலயும் என்னைப் பொய்யனாக்கிட்டே, இல்லியா?"

"படம் பழசுன்னுதானே சொன்னேன் அண்ணா. சித்தி கை ஒடிஞ்சு கெடக்கா."

"நல்லதுக்குத்தான் அனுப்பினேன். எனக்குத் தனியா சொல்லியிருக்கலாம்லா."

வைத்துவிட்டார். எல்லாருக்கும் போன பொய்யை ஒருவரிடம் மட்டும் எப்படித் திருத்துவது? ஆனாலும் அவர் குரல் உடைந்திருந்தது.

அம்மாவும் போன பிறகு, வெள்ளிக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் அண்ணன்தான். என்ன கறி வைத்தாய் என்று கேட்பார். அந்த வெள்ளி கூப்பிடவில்லை. அடுத்ததும் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது.

மாவுக்கட்டோடு இருந்த சித்தியைப் பார்க்கப் போனபோது அவள் போன் ஒளிர்ந்தது. புதிதாக ஒரு குடும்ப குரூப். எல்லாரும் இருந்தார்கள். சித்தி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னைச் சேக்க விட்டுப்போச்சு போல மக்கா" என்றாள். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து எனக்கு மட்டும் ஒன்று வந்தது. ஏதோ விசா விதி மாற்றம். கீழே, 'இது உண்மையா?'

அரைமணி நேரம் தேடிப் பார்த்து எழுதினேன். 'உண்மைதான் அண்ணா. சாப்பிட்டீங்களா?'

ஒரு கட்டைவிரல் வந்தது. சாப்பிட்டாரா என்பதற்குப் பதில் இல்லை.