மைக்கை ஏற்றச் சொன்ன ரெஜினா அக்கா

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது எங்கள் கச்சேரிக் குழுவின் மைக்செட்காரர் அந்தோணி அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. ஊருக்கெல்லாம் ஒலி கொடுத்த மனிதருக்கு அன்று காலையில் குரல் எழவில்லை. "ஏலே முத்து, அக்கா போயிட்டாவ" என்று மட்டும் சொன்னார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. தூத்துக்குடி மெல்லிசைக் கலைஞர்களுக்கு அக்கா என்றால் ஒருவர்தான். தூக்கத்திலேயே மாரடைப்பாம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரெஜினா அக்கா தோணி ஓட்டிய தண்டலின் மகள். வார நாட்களில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை பார்த்தார். மாதா கோயில் ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிப்பார். கல்யாண வரவேற்புகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கச்சேரி செய்யும் எங்கள் குழுவை நடத்தியதும் அவர்தான். ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரனான நான் அதில் பாடகன். மூக்குக்கு மேல் கோபம் வரும் அவருக்கு. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தவனுக்கு டீயும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

ஒருமுறை வளர்ப்புக் குழந்தைகளுக்காக நடந்த ஒரு விழாவில் இலவசமாகக் கச்சேரி செய்தோம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசாங்கம் வேறொரு வீட்டில் ஒப்படைக்கும். அது தத்து கிடையாது. அந்த வீட்டார் வேண்டாம் என்றால் பிள்ளை மறுபடி இல்லத்துக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடையேற்றி, பட்ட கஷ்டத்தைச் சொல்ல வைத்தார்கள். கூட்டம் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கைதட்டியது. திரும்பும்போது வேனில் அக்கா கொதித்தார். "அழுத கதைய சொல்லச் சொல்லுதான். ஒரு பாட்டு சொல்லிக் குடுக்க ஒருத்தனுக்கும் தோணலயே."

நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பதையும் அந்த வேனிலேயே அறிவித்துவிட்டார். தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணம் கிடையாது, எங்கள் வாத்தியங்கள் பெட்டிக்குள் தூங்கும். அந்த நாட்களில் வகுப்பு என்றார். எனக்கு ஏது தவக்காலம் என்று நான் நைசாக நழுவப் பார்த்தேன். "உனக்குத்தான் ஆடி மாசம் இருக்குல்லா. அதுல வா" என்றார். அப்படித்தான் எங்களுடைய சும்மா இருக்கும் மாதமெல்லாம் பறிபோனது. அவர் வீட்டு மாடியில் கிதாரும் தபேலாவும் பாட்டும் நடந்தன. மேடைத் திரை வரைபவர் ஒரு மூலையில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து வீட்டார் பொறுமைக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

அங்கே வந்த பிள்ளைகளில் ஒருத்தி இசக்கி. ஏற்கெனவே இரண்டு வீடுகள் திருப்பி அனுப்பிய பெண். அப்போது தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பேச்சியம்மாள் என்பவர் வீட்டில் இருந்தாள். தட்டு, கதவு, தண்ணீர்க் குடம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டுவாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். உப்பளத்தில் வெந்துவிட்டு வரும் கணவருக்குத் தூக்கம் கெட்டது. பேச்சியம்மாளுக்கு அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. அந்தப் பெண் அவரை அம்மா என்றோ அத்தை என்றோ, எதுவும் சொல்லியே கூப்பிட்டதில்லை. ஊர்த் திருவிழா முடியட்டும், பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்துவிடுகிறேன் என்று குழந்தைகள் நல அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அக்கா கெஞ்சப் போகவில்லை. இசக்கி கையில் டிரம் குச்சியைக் கொடுத்து, திருவிழா மேடையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி உண்டு என்றார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா ஆசைப்பட்டு மைக்கைப் பிடிப்பார். சுருதி கிழக்கே போனால் அவர் மேற்கே போவார். உடனே அண்ணாச்சி மைக்கைத் தணிப்பார், நாங்கள் வாத்தியத்தை உரக்க வாசிப்போம். மாமா தானே பாடி ஜெயித்ததாக நினைத்துச் சந்தோஷமாக இறங்குவார். அப்படிக் காப்பாற்றுவது எங்களுக்குக் கையிலேயே ஊறிய பழக்கம்.

திருவிழா மேடையில் இசக்கி முதல் சுற்றிலேயே தாளம் தவறினாள். பின்னால் துணைக்கு வாசித்துக்கொண்டிருந்த எங்கள் கைகள் யாரையும் கேட்கவில்லை, பாய்ந்து வந்து அவள் தவறை மூடிவிட்டன. பிள்ளைகளின் மைக்குகளையும் அண்ணாச்சி தணித்துவிட்டார். பாட்டு கணீரென்று போய்க்கொண்டிருந்தது, ஆனால் அதில் ஒரு பிள்ளையின் சத்தமும் இல்லை. அக்கா சட்டென்று கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். கரண்டு போய்விட்டதோ என்று கூட்டம் சலசலத்தது. எங்கள் அனைவரையும் மேடையைவிட்டு இறங்கச் சொன்னார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்:

"மைக்க ஏத்துங்க அண்ணாச்சி. தப்பு கேக்கட்டும். தப்பு கேட்டாதான சரியும் கேக்கும்."

முன்வரிசையில் பேச்சியம்மாள் அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போச்சு, பிள்ளை திரும்பிப் போக நாமே வழி பண்ணிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் மறுபடி ஆரம்பித்தார்கள். இசக்கி அதே இடத்தில் மறுபடி தடுமாறினாள். கூட்டத்தில் யாரோ "பாவம்" என்றார்கள். காற்றில் வேட்டி அவிழும் தோணிக்காரன் வேட்டியைப் பிடிப்பது போல அவள் குச்சியை இறுக்கிப் பிடித்தாள் என்று அக்கா பிற்பாடு கிண்டல் செய்வார். அடுத்த முறை தாளம் பிடிபட்டது. பிடித்தவள் விடவில்லை. பாட்டை இழுத்துக்கொண்டு போனாள், மற்ற பிள்ளைகள் அவள் பின்னால் ஓடினார்கள். முடிந்தபோது எழுந்த கைதட்டலில் கண்ணீர் துடைக்கும் இடைவெளியே இல்லை. விசில் பறந்தது.

மேடைக்குப் பின்னால் நாங்கள் கொண்டாடத் தொடங்கும் முன் பேச்சியம்மாள் புயலாக வந்தார். நேரே அக்காவிடம் போய், "எம் பிள்ளைய எதுக்கு இப்படித் தனியா விட்டிய? இத்தன பெரிய ஆளுக இருந்தும் ஒருத்தரும் கூட நிக்கலியே. அவ குச்சிய புடிச்ச புடியப் பாத்தியளா?" என்று பிடித்துக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளாத அக்கா, அவ்வளவு வசவையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. பேச்சியம்மாள் இசக்கியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இசக்கி அந்த வீட்டைவிட்டுப் போகவே இல்லை. வயது வந்து, அரசாங்கக் காகிதம் காலாவதியான பிறகும் அது அவள் வீடுதான். இன்று எங்கள் குழுவின் டிரம்மர் அவள். மற்றப் பிள்ளைகளில் ஒருவன் கடைப் பலகைகள் எழுதுகிறான், ஒருத்தி மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறாள். எத்தனை ஆடி போனாலும் சுருதி சேராத ஒருவன் ஐஸ் வண்டி வைத்திருக்கிறான். கூட்டம் சேர்ப்பதற்குப் பாடிக்கொண்டேதான் விற்பான். அக்கா அவனைப் பற்றிப் பேசும்போதும் பெருமை குறையாது.

அடக்கத்தன்று இப்போது வகுப்புக்கு வரும் பிள்ளைகள்தான் முன்னால் வாசித்து வந்தார்கள், இசக்கி அவர்களை நடத்தினாள். வெயில் கொளுத்தியது. கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில், போன வருடம்தான் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணின் டிரம்பெட் பிசிறி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஊர்ப் பேண்டுகாரர்கள், தவறை மூடும் பழக்கதோஷத்தில் வாத்தியங்களை வாய்க்குக் கொண்டுபோனார்கள். இசக்கி திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனையும் கீழே இறங்கின. சிலுவை தூக்கியவர் நின்றார். பங்குச் சாமியார் நின்றார். பெட்டியைச் சுமந்தவர்கள் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள். தெரு முழுவதும் ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தது. அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்துத் தவறிய இடத்தைத் தாண்டினாள். அதன் பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது.

நிம்மதியாகப் போய்வாருங்கள் அக்கா. தப்பும் சரியும் தெருக்கோடி வரைக்கும் கேட்டன.