ஹமாசே மாருவின் ஏழாவது தலை

உலக யுத்தத்தில் மூழ்கிய ஜப்பானியக் கப்பலான ஹமாசே மாருவின் சரக்கறையில் கிடந்த ஏழு மண்டையோடுகளும் அகபித்தோவுக்கு அத்துப்படி. சின்ன வயதில் அந்தக் கப்பலின் குண்டுகளிலிருந்து மருந்தைச் சுரண்டி எடுத்து, மீனுக்கு வெடி வைத்து, இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன் அவன். பசிபிக் கடலின் டோனோவாஸ் தீவில் பாதிப் பேருக்கு அப்போது அதுதான் தொழில், என்னத்தைச் சொல்ல! பிறகு புத்தி வந்து, வெளிநாட்டுப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் வேலையில் சேர்ந்தான். அதிலும் இருபது வருஷம் ஓடிவிட்டது.

வாய் மட்டும் சும்மா இருக்காது. முதல் தலை தலைமை இஞ்சினியர், மூலையில் கிடப்பது சமையல்காரர், கவிழ்ந்து கிடப்பது கடன்காரனுக்குப் பயந்து கப்பலேறியவர் என்று அளப்பான். பயணிகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எல்லாம் அவன் கட்டிய கதைதான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜப்பானிலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. எலும்புகளை எடுத்து, எரித்து, சாம்பலை ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். அகபித்தோ அதை விளையாட்டாகத்தான் வீட்டில் சொன்னான். அவனுடைய அம்மா நெயிபோ, சீமைப்பலாக்காய் இடித்துக்கொண்டிருந்தவள், உலக்கையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுல ஒண்ணு உன் மாமன்டா."

"எந்த மாமன்?"

"ஏத்தன். என் கூடப்பிறந்த அண்ணன். அரிசி மூட்டை இறக்க அன்னைக்கு விடிகாலைல ஜப்பான்காரங்க அந்தக் கப்பலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. பொழுது நல்லா விடியறதுக்குள்ள அமெரிக்காக்காரன் பிளேன் வந்து குண்டு போட்டிருச்சு."

"இத்தனை வருஷமா ஏன்மா சொல்லலை?"

"நீ கேட்டியா? கடல்ல நம்ம குடும்பத்துத் திட்டு மேலதான் கப்பலோட கிடக்கான், பக்கத்துலதான் இருக்கான்னு சும்மா இருந்தேன். இப்ப நெருப்புல போடப் போறாங்களாம்ல! போய்க் கூட்டிட்டு வா."

"ஏழுல எதும்மா?"

"நல்ல பல்லு அவனுக்கு."

இருபது வயதில் செத்தவர்கள் எல்லோருக்கும் நல்ல பல்தான். மறுநாள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கிய அகபித்தோவுக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் பெயர் வைத்துக் கேலி பேசிய முகங்கள், இப்போது ஒவ்வொன்றும் மாமனைப் போலவே பார்த்தன. மாமன் எப்படி இருப்பான் என்று அவனுக்கு எங்கே தெரியும்? ஒரு போட்டோகூடக் கிடையாது. இஞ்சினியரை எடுத்தான், வைத்தான். கவிழ்ந்து கிடந்தவனைத் திருப்பினான். காற்று தீரப்போகிறது என்று முள் காட்டியதும், கைக்குக் கிடைத்த சமையல்காரரைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தான். வந்த பிறகும் அவன் மனசு ஆறவில்லை.

வீட்டை ஒட்டியே புதைத்தார்கள். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஆனால் அந்தத் தீவில் சாவு விழுந்தால் குடும்பத்தின் கடல் திட்டில் கம்பு நட்டு ஓலை கட்ட வேண்டும். ஓலை இருக்கிறவரை யாரும் அங்கே இறங்கக்கூடாது. நெயிபோ ஓலையை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சிரும்மா! அவங்க இன்னும் எலும்பு எடுக்க வரணும்!"

"ஒளிச்சு வெச்சுப் புதைச்சா அதுக்குப் பேரு சாவு இல்லடா, திருட்டு."

குழு வந்தபோது ஓலையைப் பார்த்துத் தயங்கியது. நெயிபோ ஒரே ஒரு நாள் விட்டுக்கொடுத்தாள். ஆறு தலைகள் மேலே வந்தன. குழுவில் கத்தாயாமா என்று ஒருவர் இருந்தார், அறுபதை நெருங்கியவர். அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருடைய அப்பா அந்தக் கப்பலோடு போனவர். அவர் கையில் பயணி ஒருவர் எடுத்த பழைய படம் இருந்தது. படத்தில் ஏழு தலைகள். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, அகபித்தோவை நிமிர்ந்து பார்த்தார். அகபித்தோ கடலைப் பார்த்தான்.

மறுநாள் பகலில் மனிதர் அரிசி மூட்டையோடு துக்கம் கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார். செத்துப்போனது யார் என்று கேட்டார். நெயிபோ சிறுவயதில் ஜப்பானியப் பள்ளிக்கூடம் போனவள். அந்தப் பாஷையிலேயே மடமடவென்று பேசினாள். அகபித்தோவுக்கு ஒரு எழவும் புரியவில்லை. புது மண்ணைக் காட்டுகிறாள், கடலைக் காட்டுகிறாள், 'ஏத்தன்' என்கிறாள். ஐயோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளா? கத்தாயாமா புது மண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"என்னம்மா சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன்."

"அவர் என்ன கேட்டாரு?"

"தினமும் சோறு வைப்பியான்னு கேட்டாரு. வைப்பேன்னேன். உள்ள இருக்கிறது எங்கப்பாவா இருந்தாலுமான்னாரு. யாரா இருந்தா என்ன, பசிக்காதான்னேன்."

மூன்றாம் நாள் படகுத்துறையில் ஆறு தலைகளும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் வந்தன. தூக்கியவர்கள் அதை ஒரு பலகைமேல் வைத்துவிட்டுப் எரிக்கிற இடத்துக்குப் போகும் படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போகவேண்டிய பெண்கள் நிமிர்ந்துதான் நடந்து போனார்கள். நெயிபோ மட்டும் பெட்டிக்கு முன்னால் வந்ததும், இடுப்பை மடித்து, தலையைத் தாழ்த்தி, கிட்டத்தட்டத் தவழ்ந்துகொண்டே கடந்தாள். அந்த ஊர் வழக்கப்படி, உட்கார்ந்திருக்கும் அண்ணன் முன்னால் தங்கை நிமிர்ந்து நடப்பதில்லை. அகபித்தோவின் தங்கைகள் இன்றும் அவன் முன்னால் அப்படித்தான் போகிறார்கள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"அம்மா, மாமாதான் வீட்ல இருக்காரே. இங்க எதுக்குக் குனியறே?"

நெயிபோ இன்னும் நிமிரவில்லை. பெட்டி படகில் ஏறுகிறவரை அப்படியே இருந்தாள்.

"நீ இருட்டுல கைக்குக் கிடைச்சதைத்தானேடா எடுத்திட்டு வந்தே?" என்றாள்.