அத்தை கேட்ட கேள்விகள்

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே அது யார் பார்த்துவந்த வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள், எங்கள் தெருக்காரி, அங்கேதான் வேலை பார்த்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

அப்ளை பண்ணியதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பேச்சும் ஒரு வீட்டோடு நிற்காது. மறுநாள் மத்தியானமே அவளுடைய அம்மா வந்துவிட்டார். சின்ன வயசிலிருந்தே அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்றதால் உப்பளத்தில் வேலை இல்லாத சமயம் அது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்டர்வியூ என்னிக்கு?" என்றார்.

"திங்கக்கெழம அத்த."

"உக்காரு. நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு."

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் அந்த வேலைக்குத் தயாரானபோது, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாளாம். சோறு வடித்துக்கொண்டே கேட்டது அப்படியே அத்தைக்கு மனசில் பதிந்திருந்தது.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்.

கடைசிச் சொல்லைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்துவது அவளுடைய வழக்கம். அத்தையும் அப்படியே நிறுத்தினார். கண்ணை மூடியிருந்தால் அவள்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அத்தை தலையை ஆட்டினார்.

"அப்டி வராது. வேற மாதிரி வரும்" என்று அவரே சொல்லிக் காட்டினார். "ஐ அம் ஃப்ரம் மரக்காணம். மை மதர் ஒர்க்ஸ் இன் சால்ட் பேன். ஐ வான்ட் ஹெர் டு சிட் இன் த ஷேட்."

"அத்த, இதுக்கு என்னா அர்த்தம்னு தெரியுமா?"

"எனக்கென்னா தெரியும்? அவ சொல்லுவா."

"எங்கம்மா உப்பளத்துல வேல செய்றாங்க, அவங்கள நெழல்ல உக்கார வைக்கணும்னு சொல்லியிருக்கா."

அத்தை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொல்லு, கேக்கறேன்" என்றார்.

சொன்னேன். இன்னொரு வாட்டி என்றார். அதையும் சொன்னேன்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் வந்தார். மற்ற கேள்விகளை அவசரமாக முடித்துவிட்டு அந்தப் பதிலுக்கே வருவார். நான் 'மை மதர்' என்று சொல்லும்போது என் வாயையே பார்ப்பார். உள்ளே ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா மிஷினை நிறுத்திவிடுவாள். ஒருநாள் அத்தை போன பிறகு கேட்டாள்: "நாளைக்கு வர வேணாம்னு நான் சொல்லிடட்டா? நீ பேசறது உன் பேச்சு மாதிரியே இல்லடி."

"வேணாம்மா" என்றேன். ஆனால் குளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் பதில் தானாகவே என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய குரலில்தான் ஓடியது.

திங்கட்கிழமை மேனேஜர் மேடம் எடுத்ததுமே அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். என்னைப் பற்றிச் சொல்ல வேறு பதில் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். வாய் திறந்ததும், "மை மதர் ஒர்க்ஸ் இன் சால்ட் பேன்" என்று வந்துவிட்டது. அதோடு நின்றுவிட்டேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். தமிழில், "உனக்கு அவளத் தெரியுமா?" என்றார்.

"கூடப் படிச்சவ மேடம். அவங்கம்மாதான் என்னை ரெடி பண்ணாங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். "குடி. இப்ப உன்னைப் பத்தி சொல்லு. தமிழ்லயே சொல்லு."

என் அம்மா தைப்பதைச் சொன்னேன். எனக்கு போனில் பேசப் பயம் என்பதையும், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரப் பயம் என்பதையும் சொன்னேன். வேலை கிடைத்தது.

ஸ்வீட் வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "நல்லா இரு" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை.

பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அத்தை ரோட்டை ஒட்டிய வரப்பில் நின்றிருந்தார். கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் வேலைக்குப் போன அதே பஸ் வந்தது. எனக்குப் பின்னால் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் ஏறி முடித்த பிறகும் காலியான படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் நான் வரப்பு தெரியாத எதிர்ப் பக்க சீட்டில்தான் உட்காருகிறேன்.