சாமி பார்க்குமுன் தின்ற களி

என் கடைசிப் பிள்ளைக்கு வேலை கிடைத்தால், மூன்று வருடம் மார்கழித் திருவாதிரைக்குப் பட்டினியோடு சிதம்பரம் நடந்து வருவான் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். விரதம் என்றால் செம்மண்டலத்தில் எங்கள் தெருவே என் பேச்சைத்தான் எடுக்கும். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வேலை கிடைத்தது, நடந்தான். பாதி வழி தாண்டியதும் தொடை இரண்டும் கட்டையாக இறுகி உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனது. அலறியடித்துக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஏதேதோ சோதித்துவிட்டு டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"சோறு சாப்ட்டா அதுல இருக்கிற சக்கரையதாம்மா சதை எரிக்கும். அப்ப சதைக்குள்ள இருக்கிற அடுப்புக்குக் கொழுப்பு போற கதவு சாத்தியிருக்கும். பட்டினி கெடந்து ரொம்ப தூரம் நடந்தா கதவு தெறந்து கொழுப்பு உள்ள போயி எரியும். உங்க புள்ளைக்குப் பொறப்புலயே அந்தக் கதவு சரியாத் தெறக்கல. எரிக்க ஒண்ணும் இல்லாம சதையே ஒடஞ்சி ரத்தத்துல கலந்துடுது. கிட்னிய கெடுத்துடும்."

"ஒடம்புல கொழுப்பு இருக்குதே டாக்டரம்மா?"

"இருக்குது. அடுப்புக்குள்ள போவலியே! சாப்டுட்டு கொஞ்ச தூரம் நடக்கலாம். பட்டினியோட கூடவே கூடாது."

அதிலிருந்து மத்தியானம் ஆனால் அவன் ஆபீசுக்குப் போன் போட்டு, "தின்னியாடா?" என்று கேட்பேன். பக்கத்தில் சிரிக்கிறார்கள் என்று கோபித்துக்கொள்வான்.

அடுத்த திருவாதிரைக்கு அவனே கிளம்பினான். சாமி கோபம் ஒரு பக்கம், இவன் தொடை ஒரு பக்கம். புவனகிரி வரை பஸ், மீதியைத்தான் நடக்க வேண்டும், கிளம்புமுன் இட்லி தின்ன வேண்டும் என்று பேசி முடித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அந்த இட்லிய நான் சாப்புடலம்மா. வேண்டுதல்னா வேண்டுதல்தான்" என்றான். என் பிள்ளை, என் பிடிவாதம்.

தூக்குவாளியில் திருவாதிரைக் களி இருந்தது, சாமி பார்த்த பிறகு தின்பதற்கு. ரோட்டோரம் அதைத் திறந்தேன்.

கூட வந்த என் நாத்தனார் விடுவாளா? "இன்னா அண்ணி, சாமி பாக்கறதுக்கு முன்னாடியே களியா? ஊருக்கெல்லாம் வெரதம் சொல்லிக் குடுப்பீங்க!"

"ஆடறவருக்குத் தெரியும்டி காலோட அருமை. நீ நட."

அவன் களியைத் தொடவில்லை. அத்தை முன்னால் வெட்கம். நான் ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டுக்கொண்டேன். அத்தனை பேர் பார்க்க, என் விரதம் போயிற்று. அவன் என்னையே பார்த்தான். பிறகு வாளியை வாங்கித் தின்றான்.

மெதுவாக நடந்தோம். அவன் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கையெடுத்தார்கள். நான் குனிந்து, வேட்டிக்கு மேலேயே அவன் தொடையை அமுக்கிப் பார்த்தேன். சதை இளகித்தான் இருந்தது. அப்புறம்தான் கும்பிட்டேன்.