உப்புக் கரிக்கும் இரும்பு

மச்சான் இரும்பை ருசி பார்ப்பார். கேட்டால் சிரிப்பீர்கள், முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தவன்தான். கழுவிய படகுக் கீலின் மேல் விரலை ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி இழுத்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். உப்புக் கரித்தால் "இன்னொரு தபா கழுவு" என்பார். கரிக்காவிட்டால் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார். அந்த விரலும் மூடிய கண்ணும்தான் இன்றைக்கும் அவரைப் பற்றி எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வராமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அவர் என் அக்கா வீட்டுக்காரர். முறைப்படி மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வயதில் இரண்டே ஆண்டு மூத்தவர், ஒரே வண்டியில் சேர்ந்து வேலைக்குப் போனவர் என்பதால் மச்சான் என்றே வாயில் ஒட்டிக்கொண்டது. அவரும் என்னை அப்படித்தான் அழைப்பார். மாமல்லபுரத்துக்கு வடக்கே கழிமுகத்தை ஒட்டி இருந்த ஒரு படகுக் கொட்டகையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம், பெயிண்ட் வேலைக்கு அவர்தான் பொறுப்பு. சென்னைப் பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் அங்கே பழுது பார்க்க வரும். தண்ணீரில் போகும்போது பார்க்கிறவர்களுக்கு வெள்ளைப் பாய் மட்டும்தான் தெரியும். அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு தொங்குவது யாருக்கும் தெரியாது. அதுதான் கீல். காற்று பாயை எந்தப் பக்கம் தள்ளினாலும் படகு கவிழாமல் கீழே இழுத்துப் பிடிப்பது அந்த இரும்பு. எங்கள் பிழைப்பு அதன் துருவில் ஓடியது.

கிரேன் படகைத் தூக்கி முட்டுக் கட்டைகள் மேல் நிறுத்தியதும் வேலை தொடங்கும். ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். சுத்தியலால் தட்டினால் துரு பாளம் பாளமாக உதிரும். பிறகு கம்பிச் சக்கரம் மாட்டிய கிரைண்டர், இரண்டு நாள், மூன்று நாள். மூக்கைச் சிந்தினால் சிவப்பாக வரும், அக்கா எங்கள் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். இரும்பு வெள்ளி மாதிரி வெளுத்து நிற்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். எங்கள் கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரு மணி நேரம் பொறுக்காது, கண்ணெதிரே பழுப்பு ஏறும். ஆகவே காலையிலேயே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காற்று கிளம்பும் முன் பிரைமர் என்ற முதல் பூச்சை ஏற்றிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒரு சிட்டிகை உள்ளே தங்கினால் போதும், மேலே எத்தனை கை பெயிண்ட் அடித்தாலும் வீண். கொட்டகைக்குப் பின்னால் இருந்த போர் தண்ணீர் சில வருடங்களாகவே உப்பாகிவிட்டது. கை கழுவ, கருவி கழுவ, டீ போடக்கூட அதைத்தான் புழங்கினோம். எங்கள் நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது. கீலுக்கு மட்டும் திருப்போரூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து கேன் கேனாக நல்ல தண்ணீர் வரும். மனுசன் குடிக்க உப்புத் தண்ணீர், இரும்பு குளிக்க நல்ல தண்ணீர் என்று நாங்களே கேலி பேசிக்கொள்வோம்.

அந்த ஒரு நாளைத்தான் நான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

விடிந்ததும் குட்டி யானை லோடு வண்டியில் காலிக் கேன்களை ஏற்றி என்னைத் தண்ணீருக்கு அனுப்பினார் மச்சான். கீல் முந்தின நாள் சாயங்காலமே தேய்த்து முடித்தது. காலையில் அவர் இன்னொரு ஓட்டு லேசாகத் தேய்த்து வைப்பார், நான் எட்டரைக்குள் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. திருப்போரூரை நெருங்கும்போது மனை புரோக்கரிடமிருந்து போன் வந்தது. நான் கேட்டுவைத்திருந்த மனைக்கு வேறு பார்ட்டி வருகிறதாம், உடனே வந்து பார்த்துச் சொல்லிவிட வேண்டுமாம். எங்கள் அப்பாவும் தாத்தாவும் காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். சொந்தமாக ஒரு அடி மண் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் இருந்த ருசி வெளியாருக்குப் புரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. போனேன், அவ்வளவுதான். கல் நட்டிருந்த நான்கு மூலையையும் காலால் அளந்தேன். கிழக்கே வாசல் வைக்கலாமா என்று யோசித்தேன். மணியைப் பார்த்தபோது ஒன்பதரை.

தோட்டக் கிணற்றுக்குப் போய் நிரப்பி வந்தால் பதினொன்று ஆகும், காற்று எழும்பிவிடும், மச்சான் கத்துவார். வண்டியைக் கொட்டகையின் பின்பக்கமாக ஓட்டி, போர் குழாயைத் திருகி, பத்துக் கேனையும் அங்கேயே நிரப்பினேன். அவசரத்துக்கு ஒரு நாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சான் கீலின் முன்னால் துணியும் கையுமாக நின்றிருந்தார். இரும்பில் பழுப்பு எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது, அதைத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஏன் லேட்டு என்று கேட்கவில்லை.

"தண்ணி எங்க புடிச்ச?"

"கெணத்துலதான் மச்சான். அங்க கூட்டமா இருந்துச்சு."

கழுவினோம், துடைத்தோம். அவர் விரல் வழக்கம்போல இரும்பு வரைக்கும் போனது. போய் நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ புடிச்சாந்த தண்ணி. அத நா இன்னா ருசி பாக்குறது?" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் நாக்கு செத்தா போயிருந்தது?

நான்கு மாதம் கழித்து, சிப்பி சுரண்ட அதே படகை வெளியே தூக்கினார்கள். கீல் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட உடம்பு போல இருந்தது. படகுக்காரர் மேனேஜரிடம் கத்தினார், மேனேஜர் எங்களிடம் வந்தார். மச்சான் குனிந்து, நகத்தால் ஒரு கொப்புளத்தை உடைத்தார். உள்ளேயிருந்து வழிந்த நீரை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றும் தெரியவில்லை. அது அதட்டல் இல்லை. பேசு என்று எனக்குக் கொடுத்த அவகாசம். நான் முட்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் தன் கணக்கில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: பிரைமரில் இவன் தின்னரை ஊற்றி நீர்க்க அடித்திருக்கிறான், மிச்ச டின்னை வெளியே விற்றிருக்கிறான். என் பக்கம் திரும்பி, நீ கூடவே இருந்தாயே, எத்தனை டின் உடைத்தீர்கள் என்று கேட்டார். மூன்று டின். என் கையால் மூடி திறந்த டின்கள். சொல்லியிருந்தால், மூன்று டின் அடித்தும் ஏன் இப்படி ஆனது என்று அடுத்த கேள்வி வரும். அது தண்ணீரில் போய் முடியும்.

"நா கழுவுற வேலைல இருந்தேன் சார். டின்ன கவனிக்கல" என்றேன்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தால் அக்காவின் தம்பிக்கு வேலை போகும் என்று நினைத்தாரோ என்னவோ. கேட் வரைக்கும் கூடவே போனேன், நாய் மாதிரி. வெளியே கால் வைக்கும் முன் திரும்பினார்.

"என்னாண்ட சொல்லியிருந்தா இன்னொரு தபா கழுவியிருப்போம்டா. அர நாளு வேல. அவ்ளோதான்."

அர நாளு. இந்தச் சொல்லை நான் எத்தனை முறை மென்று துப்பியிருக்கிறேன், போகவே மாட்டேன் என்கிறது. பெயிண்ட் திருடன் என்ற பேர் கடற்கரை ரோடு முழுக்க அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்தக் கொட்டகையிலும் அவரைச் சேர்க்கவில்லை. எனக்கோ அவருடைய இடத்தைக் கொடுத்தார்கள். பொறுப்பில் நான் செய்த முதல் வேலை அதே கீலை மறுபடி தேய்த்ததுதான். தோட்டக் கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை கழுவி, மூன்று முறையும் ருசி பார்த்தேன். யோக்கியன் வேஷம் எனக்கு நன்றாகவே பொருந்தியது.

இப்போது நான் நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு சூப்பர்வைசர். மனையும் வாங்கினேன், வீடும் கட்டினேன், கிழக்கே வாசல். மச்சான் குடும்பத்தோடு கடப்பாக்கம் பக்கம் போய்விட்டார், மீனவர்களின் ஃபைபர் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். "அந்தப் படகுல இரும்பே கெடயாது, துருவும் கெடயாது, நிம்மதியா கீது" என்று அக்கா ஒருமுறை போனில் சொன்னாள். அவளிடம் அவர் எதையும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், அன்னிக்கி நீயாச்சும் அவருக்காக ரெண்டு வார்த்த பேசியிருக்கக் கூடாதா என்று அவள் என்னிடமே அழுதிருக்க மாட்டாள். எனக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. அதையும் அவளிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை.

புதுமனை புகுவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். மச்சான் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பந்தியில் உட்கார வைத்து, என் கையாலேயே தண்ணீர் ஊற்றினேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் டம்ளரை எடுக்கவில்லை. விரலை அதில் நனைத்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடி ஒரு கணம் இருந்தார்.

"எங்க புடிச்ச?"

"கேன் தண்ணிதான் மச்சான். கடையில வாங்குனது."

அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுக் குடித்தார். பக்கத்தில் இருந்த அக்கா, இன்னாங்க இது புதுப் பழக்கம் என்று சிரித்தாள்.

பிறகு பொங்கலுக்கு வந்தார், என் மகள் காது குத்துக்கு வந்தார். முறை தவறாமல் வருகிறார், பிள்ளைகளைக் கொஞ்சுகிறார், என்னோடு மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுகிறார். தண்ணீர் கொடுத்தால் மட்டும் முதலில் விரலை நனைக்கிறார். அவர் கண்ணை மூடும் அந்த ஒரு கணத்துக்கு நான் சொம்போடு பக்கத்திலேயே நிற்கிறேன்.